ஐந்து பேரும் ஒரே குரலில்

கரமனை,
9 நவம்பர் 2024

அன்புள்ள சற்குணம்,

போனில் என் எண்ணை நீங்கள் தடுத்துவைத்து ஆறு வாரமாகிறது. ராகேலைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவிய இருக்க எடத்துல ரேஞ்சு இல்ல டீச்சர், இருந்தாலும் எடுக்க மாட்டாவ" என்று உங்கள் மனைவி நேராகவே சொல்லிவிட்டார். விலாசம் கொடுத்ததும் அவர்தான். அதனால் தபால். இந்தக் கனத்துக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்றுகூட எனக்கு மறந்துபோயிருந்தது.

பொன்முடியில் எஸ்டேட் ஆபீஸ் வேலை என்று கேள்விப்பட்டேன். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் விசாரிக்க எனக்கு முகமில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். நம் புத்தகம். ஆறு அத்தியாயம் முடிந்து அப்படியே கிடக்கிறது. நாகர்கோவில் பதிப்பாளர் இரண்டு தடவை கேட்டாயிற்று. நான் ஜெர்மனில் படித்துக் குறிப்பெடுப்பது, நீங்கள் தமிழில் எழுதுவது என்று நாலு வருஷமாக ஓடிய வண்டி. ஜெர்மன் ஜனநாயகக் கட்சி என்று ஒன்று இருந்ததே இங்கே யாருக்கும் தெரியாது, அதற்கு ஒரு புத்தகமா என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார். "செத்துப்போன கட்சிக்கு ரெண்டு பேரா சேர்ந்து ஸ்ராத்தம் பண்றேளா?" என்பார். நீங்கள் அதற்குச் சிரித்திருக்கிறீர்கள்.

மிச்சம் இருப்பது ஏழாவது அத்தியாயம். 1933 மார்ச். கட்சி பெயரெல்லாம் மாற்றிக்கொண்டு, எழுபத்தைந்து இடத்திலிருந்து ஐந்து இடத்துக்குத் தேய்ந்திருந்த சமயம். அரசு, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடலாம் என்று நாடாளுமன்றமே எழுதிக்கொடுத்த நாள். குறிப்புகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியாது. ஜூன் மாதம் நம் காலேஜ் ஒப்பந்த ஊழியர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை வாசித்தது நான். ஒப்பந்த ஊழியர் விஷயத்தில் இரண்டு வருஷத்துக்கு நிர்வாகம் குறைதீர்ப்புக் குழுவைக் கேட்காமலே முடிவெடுக்கலாம், அதற்குச் சங்கம் சம்மதிக்கிறது என்ற தீர்மானம். கமிட்டியில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் எழுந்து நின்றோம். நீங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். செப்டம்பரில் அந்தச் சம்மதத்தைக் காட்டித்தான், பதினொரு வருஷம் லைப்ரரியைப் பார்த்துக்கொண்ட உங்களை ஒரு விசாரணைகூட இல்லாமல் அனுப்பினார்கள். இதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

எழுத முடிந்தால் ஏழாவதை எழுதுங்கள்.

ஜானவி


பொன்முடி,
24 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய ஜானவி டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே தபால் தினமும் வராது. பஸ்ஸே இஷ்டப்பட்டால்தான் வரும்.

எனக்கு வேலை செக்ரோல் எழுதுவது. கொழுந்து பறிக்க இன்றைக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று காலையில் பெயர் பெயராகக் குறிக்க வேண்டும். வந்தவர் வந்தவர்தான், வராதவர் வராதவர்தான். நம் சங்கத்தைப் போல எல்லாரும் வந்ததாக எழுதிவிட முடியாது.

என்னை ஏன் அனுப்பினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். ரீடிங் ரூமை நிர்வாகம் ஒரு கோச்சிங் வகுப்புக்குக் கொடுத்தது. பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள் என்று நான் ஒரு கடிதம் கொடுத்தேன். ஒன்பதாவது நாள் ஒப்பந்தம் முடிந்தது என்று காகிதம் வந்தது. விஷயம் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போயிருந்தால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு அனுப்பினாலும் அனுப்பியிருக்கலாம். கேட்கவாவது செய்திருப்பார்கள்.

லேபர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன். பிப்ரவரி பதினொன்றாம் தேதி விசாரணை. நிர்வாகத்தின் பதில் ஒரே வரி: உங்கள் சங்கமே ஏகமனதாகச் சம்மதித்தது. இந்த ஏகமனதைக் கொஞ்சம் அசைக்க முடிந்தால்தான் நமக்கு வழி என்று என் வக்கீல் சொல்கிறார்.

உங்கள் குறிப்புகளைப் படித்தேன். ஐந்து பேரும் தனியாகக் கூடிப் பேசியிருக்கிறார்கள். மூன்று பேர் சட்டத்துக்கு ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. அப்புறம் கட்சி உடைந்ததாகத் தெரியக் கூடாதென்று ஐந்து பேரும் போய் ஆதரவாகவே வாக்களித்தார்கள். மற்ற பக்கமெல்லாம் அச்சு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் மட்டும் நாலு அடித்தல்.

அதனால் கேட்கிறேன். நம் கமிட்டியில் எத்தனைக்கு எத்தனை?

சற்குணம்


கரமனை,
6 டிசம்பர் 2024

அன்புள்ள சற்குணம்,

பத்து நாளாக உங்கள் கேள்வியை வைத்துக்கொண்டு சுற்றி வருகிறேன். பரீட்சைத் தாள் திருத்தினேன். வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தது. ஆற்றங்கரைப் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் சுற்றிப் போகிறது. இப்படி ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சாக்கு அமைந்துவிட்டது.

கமிட்டிக்குள் நடப்பதை வெளியே சொல்வதில்லை என்பது நம் வழக்கம். உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், கதவைத் திறந்தால் ஐந்து பேரும் ஒரே குரலில் பேச வேண்டும். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நமக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. மற்ற சங்கங்களெல்லாம் வாசலிலேயே சண்டை போட்டு நாறின, நம்முடையது நாறவில்லை. இதை உங்களுக்குச் சொல்கிறேன் பாருங்கள், உங்களுக்குத் தெரியாததா.

மூன்றுக்கு இரண்டு.

எதிர்த்தது நானும், கணக்குப் பாடம் எடுக்கும் ஜெயலக்ஷ்மி டீச்சரும். மூன்று மணி நேரம் பேசினோம். சம்மதிக்காவிட்டால் சங்கத்தின் அங்கீகாரத்தை எடுத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. சங்கமே இல்லாமல் போவதற்கு இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்றார் செயலாளர் ஸ்ரீகுமார். அவர் கெட்டவரில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். கை தூக்கி முடிந்ததும் தீர்மானத்தை என்னிடம் நீட்டினார். "டீச்சர் வாயிச்சா மதி. ஆரும் ஒந்நும் சோதிக்கில்லா" என்றார் மலையாளத்தில். நான் வாசித்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதேபோல யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை, சற்குணம். மேடையில் நான் நின்றதால்தானே?

நான் எதிர்த்து நின்றிருந்தாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். அந்த ஐந்து பேர் கதையும் அதுதான். ஆதரவு நானூற்று நாற்பதுக்கு மேல், எதிர்ப்பு தொண்ணூற்று நாலு. இவர்கள் ஐந்து பேர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கணக்கு மாறியிருக்காது. ஜூனில் நான் இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறேன். உங்களை அனுப்பிய அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் அதையே பேசினார்கள், நான் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். பல் பிடுங்க ஊசி போட்டபின் உதட்டைக் கடித்தால் வலிக்காதே, அப்படி இருந்தது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஜானவி


பொன்முடி,
19 டிசம்பர் 2024

ஜானவி டீச்சர்,

இத்தனை நாள் நீங்கள் ஆதரித்துக் கை தூக்கியதாக நினைத்துத்தான் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்துக்கு ஒரு அளவு இருந்தது. டீச்சர் பயந்திருப்பாங்க, கணக்குத் தப்பிப் போயிருக்கும், மனிதர்தானே என்று என்றைக்காவது ஆறியிருப்பேன்.

இப்போது என்ன செய்ய? இது தப்பு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று மணி நேரம் தப்பு என்று வாதாடியிருக்கிறீர்கள். அப்புறம் எழுந்து வந்து, நல்ல உச்சரிப்போடு எங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். ஆமாம், நான் கேள்வி கேட்கவில்லை. ஜானவி டீச்சர் வாசிக்கிறாங்க, படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாங்க என்று சும்மா இருந்தேன். சங்கத்து அறுபத்திரண்டு பேரும் அப்படித்தான் இருந்தோம்.

கணக்கு மாறியிருக்காது என்கிறீர்கள். நாடாளுமன்றக் கணக்கு மாறியிருக்காது. நம் பொதுக்கூட்டம் மாறியிருக்கும். கமிட்டியில் இரண்டு பேர் எதிர்ப்பு என்று தெரிந்தால் பத்துப் பேராவது எழுந்து ஏன் என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்டிருப்பேன்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். ஒரே குரல் என்ற அந்த விதியைச் சங்க விதிகளில் சேர்க்கும்போது முதலில் கை தூக்கியவன் நான். 2019இல் ஜெயலக்ஷ்மி டீச்சர் கமிட்டி முடிவு ஒன்றைப் பற்றி வெளியே முணுமுணுத்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளே பேசியதை உள்ளேயே வையுங்கள் டீச்சர் என்று சொன்னதும் நான்தான். அன்றைக்கு அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு அது ஒழுங்கு மாதிரி தெரிந்தது.

இப்போது கேட்பது ஒன்றே ஒன்று. பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. லேபர் ஆபீஸரிடம் வந்து, கமிட்டியில் மூன்றுக்கு இரண்டு, பொதுக்கூட்டத்தில் ஏகமனது என்று சொன்னோம், இவ்வளவு சொன்னால் போதும். எனக்காக அழ வேண்டாம், நிர்வாகத்தைத் திட்ட வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும்.

உங்கள் ஒப்பந்தம் மே மாதம் புதுப்பிக்க வேண்டியது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

சற்குணம்


கரமனை,
11 ஜனவரி 2025

அன்புள்ள சற்குணம்,

உங்கள் கடிதம் வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன், வருவதென்று. வீட்டில் சொன்னேன். "நோக்கு வேற வேலையே இல்லையா? மே மாசம் அவா கையெழுத்துப் போடலேன்னா என்ன பண்றதா உத்தேசம்?" என்றார் என் வீட்டுக்காரர் வெங்கடசுப்ரமணியன். ஆனாலும் வருவதாகவே இருந்தேன்.

ஆனால் கமிட்டியில் நடந்ததை வெளியே சொல்ல வேண்டுமானால் கமிட்டிக்குத் தெரியாமல் சொல்வது முறையில்லை என்று பட்டது. முதுகுக்குப் பின்னால் போய்ச் சொன்னேன் என்று பேர் வரக் கூடாது. அதனால் புது வருஷத்து முதல் கூட்டத்தில் அனுமதி கேட்டு வைத்தேன். எழுத்துபூர்வமாகவே வைத்தேன்.

ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஒருவர் இரகசியத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நாளைக்கு யார் மனம் திறந்து பேசுவார்கள் என்று ஸ்ரீகுமார் கேட்டார். சற்குணத்துக்கு வேறு வழியில் உதவலாம், நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பலாம் என்றார்கள். வாக்கெடுத்தோம். மறுபடியும் மூன்றுக்கு இரண்டு. என் பக்கம் ஜெயலக்ஷ்மி டீச்சர் மட்டும் கை தூக்கினார்.

முடிவு கமிட்டி முடிவு. அனுமதி கேட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று மீறினால் கேட்டதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். ஆகவே பதினொன்றாம் தேதி என்னால் வர இயலாது.

இதை எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது. வேறு மாதிரி எழுத வரவில்லை. உங்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இதில் எந்த வரியிலும் இல்லை, ஆனால் இருக்கிறது.

ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த ஐந்து பேரில் எதிர்த்த இரண்டு பேர், அன்று வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்று. என்னிடம் இருக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஜானவி


பொன்முடி,
14 பிப்ரவரி 2025

ஜானவி டீச்சர்,

விசாரணை நடந்தது. நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நானும் ராகேலும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். வக்கீல் வந்திருந்தார். நிர்வாகத்தின் வக்கீல் ஏகமனது, ஏகமனது என்று ஐந்து தடவை சொன்னார். எண்ணினேன். சாட்சி யாராவது உண்டா என்று ஆபீஸர் கேட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

பின்னாலிருந்து ஜெயலக்ஷ்மி டீச்சர் எழுந்தார். வந்ததையே நான் பார்க்கவில்லை. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கமிட்டியில் மூன்றுக்கு இரண்டு, எதிர்த்ததில் ஒருத்தி நான் என்றார். எதிர்த்த இன்னொருவர் யார் என்று ஆபீஸர் கேட்டார். "அத அவாளே வந்து சொல்லணும் சார், நான் சொல்றது செரியில்ல" என்றார் தமிழிலேயே. அப்புறம் ஆபீஸருக்காக மலையாளத்தில் ஒருதடவை சொன்னார். ஆபீஸர் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை, தலை தானாகத் திரும்பியது.

வெளியே வந்ததும் அவரிடம், 2019இல் உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது டீச்சர் என்றேன். அவருக்கு அது ஞாபகமே இல்லாதது போலக் காட்டிக்கொண்டார். கமிட்டியில் அனுமதி கிடைக்கவில்லையே, எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். "நான் அனுமதி கேக்கலையே. ஜானவி கேட்டா, அவளுக்காகக் கை தூக்கினேன். நேக்கு பஸ் நம்பர்தான் தெரிய வேண்டியிருந்தது" என்றார்.

ஐந்து பேரில் ஒருவர் இப்படிச் சொல்கிறார், நாலு பேர் வேறு மாதிரிச் சொல்கிறார்கள் என்று அவர்கள் வக்கீல் முடித்துக்கொண்டார். அடுத்த தேதி மார்ச் 18. இரண்டாவது ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று என் வக்கீல் சொன்னார்.

இதற்கிடையே நிர்வாகம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. மனுவைத் திரும்ப வாங்கினால் பதினொரு வருஷ அனுபவச் சான்றிதழ் கொடுப்பார்களாம். மார்த்தாண்டத்தில் ஒரு காலேஜ் லைப்ரரியில் இடம் காலியாக இருக்கிறது. மார்ச் பத்துக்குள் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். ராகேல் பஸ்ஸில் வரும்போது, "போதும் கேட்டியளா. செயிச்சு என்ன செய்யப் போறிய? திரும்ப அவுனுவ மூஞ்சியில முழிக்கதுக்கா?" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நான் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

சற்குணம்


கரமனை,
3 மார்ச் 2025

அன்புள்ள சற்குணம்,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆபீஸர் கதவைப் பார்த்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுவேன். அன்று காலை பதினொரு மணிக்கு நான் இரண்டாம் வருஷ வகுப்பில் இருந்தேன். கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடம் என்ன எடுத்தேன் என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

ஜெயலக்ஷ்மி டீச்சர் எங்கள் தெருவில் நாலாவது வீடு. அவர் போய்ச் சொன்னதை என்னிடம் சொல்லவே இல்லை. மறுநாளும் கேட்டில் பார்த்து, கறிவேப்பிலை வேணுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று உட்கார்ந்து எழுதிவிட்டேன். இத்துடன் இருக்கிறது. ஒரே பக்கம்: "2024 ஜூன் 14 அன்று நடந்த செயற்குழுக் கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை நான் எதிர்த்து வாக்களித்தேன். மூன்று பேர் ஆதரித்தனர், இருவர் எதிர்த்தோம். மறுநாள் பொதுக்கூட்டத்தில் இதே தீர்மானத்தைச் செயற்குழுவின் ஏகமனதான முடிவு என்று நான் வாசித்தேன். அது உண்மையல்ல. உறுப்பினர்கள் அதை நம்பித்தான் கை தூக்கினார்கள்." கீழே கையெழுத்து, தேதி, விலாசம்.

நீங்கள் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். வக்கீலிடமும் காட்டுங்கள். வார்த்தை ஏதாவது மாற்ற வேண்டுமானால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன். சரியென்று பட்டால் 18ஆம் தேதி ஆபீஸரிடம் கொடுங்கள். வேண்டாமென்று பட்டால் கிழித்துப் போட்டுவிடுங்கள். உங்கள் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

ஜானவி


பொன்முடி,
12 மார்ச் 2025

ஜானவி டீச்சர்,

உங்கள் தபால் எட்டாம் தேதி வந்தது. ஆறாம் தேதியே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மனு திரும்ப வாங்கியாயிற்று, சான்றிதழ் கைக்கு வந்தாயிற்று. அதில் என் நடத்தை திருப்திகரம் என்று எழுதியிருக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஏப்ரல் ஒன்றிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதம் நான்கு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ராகேல் கேட்டாள். தெரியவில்லை என்றேன். தெரியும். காத்திருந்திருப்பேன்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம். நன்றாக இருக்கிறது, உங்களுக்கு எழுதத் தெரியாதா. எனக்குத் தாங்க முடியாதது அதோடு சேர்த்து நீங்கள் எழுதியிருந்த கடிதம்தான். நான் பார்க்க வேண்டும், வக்கீல் பார்க்க வேண்டும், சரியென்றால் கொடுக்கலாம், வேண்டாமென்றால் கிழிக்கலாம். ஜனவரியில் கமிட்டியிடம் கேட்டீர்கள், இந்த மாதம் என்னிடம் கேட்கிறீர்கள். லேபர் ஆபீஸ் உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ், டீச்சர். அந்தக் காகிதம் அங்கே போகாமல் இந்த மலை ஏறி எனக்கு வந்திருக்கிறது.

திருப்பி அனுப்புகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு இனி அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

ஏழாவது அத்தியாயம் எழுதிவிட்டேன். பதினொரு பக்கம். ஐந்து பேரின் பெயரையும் போட்டிருக்கிறேன், எதிர்த்த இரண்டு பேர் யார் என்றும் எழுதியிருக்கிறேன். ஜூன் மாதக் கடைசியில் அந்தக் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது, ஜூலையில் ஐந்து பேரின் இடமும் பறிபோயிற்று என்பதோடு முடித்துவிட்டேன். அவர்களைத் திட்டி ஒரு பத்தி எழுதினேன், அப்புறம் எடுத்துவிட்டேன். பதிப்பாளருக்கு நேராக அனுப்பிவிட்டேன். புத்தக அட்டையில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கும். அதை மாற்றச் சொல்லவில்லை.

மார்த்தாண்டம் விலாசம் ராகேலிடம் இருக்கிறது. இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.

சற்குணம்


கரமனை,
21 மார்ச் 2025

அன்புள்ள சற்குணம்,

இந்த மாதம் முடியும்வரை பொன்முடி விலாசம் செல்லும் என்று அங்கேயே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு லீவு சொல்லிவிட்டு லேபர் ஆபீஸ் போனேன். தபால் வாங்கும் மேசையில் இருந்தவர் மனு எண்ணைப் பார்த்துவிட்டு, "இது க்ளோஸ் செய்த ஃபைலாணல்லோ டீச்சரே" என்றார். முடிந்த கேஸுக்கு இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம், வாங்கிக்கொண்டு முத்திரை மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றேன். யார் கொடுக்கச் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்தார், ஆனால் போட்டுக் கொடுத்தார். ஒரு நகலை மத்தியானம் ஸ்ரீகுமார் மேசையில் வைத்தேன். இன்னொன்றைச் சங்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். அறுபத்திரண்டு பேரில் பாதிப்பேர் நின்று படித்தார்கள். ஒருத்தர்கூட என்னிடம் பேசவில்லை.

உங்களுக்கு இதனால் பிரயோஜனமில்லை என்று தெரியும். பிரயோஜனமாக இருந்த நாளில் செய்யவில்லை. உங்கள் வேலையைப் பறித்த காகிதத்தை வாசித்தவள் நான், அதைச் சரிசெய்யக் கிடைத்த இரண்டு சந்தர்ப்பத்தையும் விட்டவளும் நான். மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை.

நேற்று அவசரக் கமிட்டி கூடியது. விஷயம் நான்தான். என்னைப் பற்றிய வாக்கெடுப்பு என்பதால் வெளியே இருக்கச் சொன்னார்கள். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு ஜெயலக்ஷ்மி டீச்சர் வந்தார். "நானும் சேர்ந்துதானே செஞ்சேன், உள்ள உக்காந்து என்ன பண்ண?" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே மிச்சம் மூன்று பேர். கொஞ்ச நேரத்தில் ஸ்ரீகுமார் வந்து, எங்கள் இரண்டு பேரையும் சங்கத்திலிருந்து நீக்கியிருப்பதாகவும், முடிவு ஏகமனதானது என்றும் வாசித்தார். இந்த முறை அது உண்மை.

அவர் வாசிக்கும்போது என் காது சிவந்து, முகமெல்லாம் சுட்டது. எனக்கு அவமானமாக இருந்தது, சற்குணம். ஜூனிலிருந்து எதுவுமே தோன்றாமல் கிடந்தவளுக்கு முதலில் வந்தது அதுதான். அது அவர்கள் நீக்கியதற்காக இல்லை. நீங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னை நம்பிக்கொண்டிருந்ததற்காக.

ஜானவி